ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும், முதலில் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள்

பென்னாகரம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்து, இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். எட்டாவது, ஒன்பதாவதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறீர்கள். அதில் ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாமா, இல்லை வேறு எதற்காவது செலவிடலாமா என்பது கேள்வி.

ஸ்மார்ட் போர்டு வேண்டாம். அது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பயன்படும். உங்கள் கவலையோ வகுப்புக்கு வராத பிள்ளையைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடைநிற்றலைத் தடுப்பதில் ஊர் கொடுக்கக்கூடிய பெரிய உதவி பணம் இல்லை. இந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்ற தகவலும், அதைக் கேட்டவுடன் அந்த வீட்டுப் படியேறும் ஆளும்தான். பணம் அதற்கப்புறம். எங்கே தேவைப்படும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் பகுதியின் நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், தருமபுரி 68.5 சதவீதத்தோடு மாநிலத்திலேயே கடைசி. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி 71.5 சதவீதம். அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டது. தொடக்கப்பள்ளியில் சேர்க்கை இன்றைக்குப் பெரிய பிரச்சினை இல்லை. 1982-இல் விரிவான சத்துணவும், 2022-இல் தொடங்கி 2023-இல் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்த காலை உணவும் சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் பிடித்து வைத்திருக்கின்றன. சிக்கல் மேலே நகர்ந்திருக்கிறது. கல்விஉரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. எட்டாவது வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. ஒன்பதாவதில் காலெடுத்து வைக்கும்போது சட்டத்தின் பிடியும் தளர்கிறது, பாடமும் திடீரென்று கனக்கிறது, பிள்ளைக்குக் கூலி கொடுக்கவும் ஆள் தயாராக இருக்கிறது. மூன்றும் ஒரே வருடத்தில் வந்து சேர்கின்றன.

இன்னொன்று, நின்ற பிள்ளை நின்றதாகப் பதிவாவது மிகத் தாமதமாகத்தான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று மாநிலமே பேசியது நினைவிருக்கும். அவர்கள் அன்று காலையில் காணாமல் போனவர்களா? பலர் பல மாதங்களுக்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார்கள். பெயர் மட்டும் பதிவேட்டிலும், எமிஸ் என்ற கல்வித் துறையின் கணினிப் பதிவிலும் இருக்கும். எப்படியும் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் ஆசிரியர் பெயரை அடிக்க மாட்டார், டி.சி. கேட்டு வீட்டிலிருந்தும் யாரும் வர மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் ஊர் நுழைய வேண்டும்.

அதற்கு நம் பக்கத்தில் யார் எப்போது வராமல் போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் அதற்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார், மழைக்கு முன்னால் திரும்ப முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் புளி. வியாபாரி மூட்டையை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். கிலோவுக்கு இவ்வளவு என்று புளி தட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் உட்காரும். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாங்காய். தோப்புக் காவல், பறிப்பு, மண்டி, கூழ் தொழிற்சாலை. பள்ளி திறக்கும் ஜூன் இதற்குள் மாட்டிக்கொள்கிறது. ராகி முற்றும் மாதங்களில் அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கும். காட்டோரம் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளையை அந்த நாட்களில் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்? பத்தாவது தேர்வு முடிந்த கோடையில் கல்யாணப் பேச்சு. இவை தவிர, எந்த மாதம் வேண்டுமானாலும் பெங்களூர் பேருந்து.

பருவம் தெரிந்தால் முன்கூட்டியே பேசலாம். சூளைக்குப் போகும் குடும்பத்திடம் மார்ச்சில் போய், பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். மார்கழியில் போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளி இருக்கிறது, மலைவாழ் பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாத விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டுச் சூளைக்குப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? பாட்டி வீட்டில் விட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். பாட்டிக்கு முடியவில்லை என்றால் கையோடு கூட்டிப் போவார்கள். "நீ போயிட்டு வாக்கா, வாரத்துக்கு ஒருதரம் நான் போய்ப் பாத்துக்கறேன்" என்று பக்கத்து வீட்டில் ஒருத்தி சொன்னால் நிலைமை மாறும். அந்த ஒரு வாக்கை அரசாங்கத்தால் கொடுக்க முடியாது.

காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒரு வாரமாக வரவில்லை. வகுப்பு ஆசிரியை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த அம்மா, நான் மூன்று பேரும் போனோம். திண்ணையில் சாக்கு விரித்துப் புளி குவிந்திருந்தது. தாய் சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தார். மகள் கொட்டையை எடுத்து ஒரு பக்கம், நாரை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை உள்ளே போய்விட்டது. ஆசிரியை படிப்பின் அவசியத்தை ஆரம்பித்தார். தாய் எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றார். கை நிற்கவில்லை. குழுத் தலைவி ஒன்றும் பேசாமல் சாக்கில் உட்கார்ந்து ஒரு பிடி புளியை எடுத்துக் கொட்டை நீக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்: "யார் மூட்டை இது? எப்ப எடுக்க வர்றாங்க?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சின்னவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வியாபாரியிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று மூட்டையை முடித்துக் கொடுக்க வேண்டும். படிப்பு வேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் முடிவெடுக்கவே இல்லை. ஒரு மூட்டையை அந்தத் தெருப் பெண்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பிள்ளை வந்தது.

அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாகியிருந்தால் பிள்ளை வந்திருக்குமா என்பது சந்தேகம். வராத பிள்ளைக்குக் கணக்கு விட்டுப்போகும், திட்டு விழும் என்ற பயம் வரும், பக்கத்தில் உட்காரும் தோழி வேறு இடம் மாறியிருப்பாள். ஆரம்பத்தில் வேலைக்காக நின்ற பிள்ளை பிறகு கூச்சத்துக்காக நிற்கும். அதனால்தான் மூன்றாம் நாள் என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே யாராவது போக வேண்டும். காரணம் காய்ச்சலாக இருந்தால் நலம் விசாரித்த புண்ணியம், அவ்வளவுதான்.

யார் போவது? ஆசிரியர் எல்லா நாளும் போக முடியாது. அவர் தருமபுரியிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ பேருந்தில் வருகிறவர். நாலே கால் பேருந்தை விட்டால் அவருக்கு அடுத்தது இருட்டிய பிறகுதான். ஊரில் இருப்பவர்களுக்குத் தகவல் ஆசிரியரை விட முன்னாலேயே தெரியும். சத்துணவு அமைப்பாளருக்கு இன்றைக்கு யார் தட்டு குறைகிறது என்று தெரியும். காலை உணவு சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிப்பவர்கள்தான். தங்கை சாப்பிட வந்து அக்கா உயர்நிலைப் பள்ளிக்குப் போகவில்லை என்றால், காரணத்தைத் தங்கையே சொல்லிவிடும். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த பெண்கள் 2021-லிருந்து தெருப் பிள்ளைகளைப் பழகியவர்கள். இவர்களில் நாலு பேரும் தலைமையாசிரியரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் போதும். பெரிய சங்கம் எதுவும் தேவையில்லை.

இதற்குச் சட்டப்படியான வீடு ஏற்கெனவே இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. கல்விஉரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2024-இல் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். எனவே நீங்கள் தனியாக அறக்கட்டளை, பதிவு, லெட்டர்பேட் என்று அலைய வேண்டாம். ஊரில் இருக்கும் உங்கள் செட்டில் ஒருவரை அதில் உட்கார வையுங்கள். பல ஊர்களில் இந்தக் குழு கையெழுத்துப் புத்தகத்தில்தான் உயிரோடு இருக்கிறது என்பதும் உண்மை. கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அடுத்த மாதம் எதற்கு வருவார்கள்? கூட்டத்தின் முதல் விஷயமாகவே வராத பிள்ளைகளின் பட்டியலை வைத்தால் எல்லாருக்கும் பேச விஷயம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீடு தேடிப் போகும் குழுவில் எல்லாரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால் வேலை நடக்காது. காலனிப் பிள்ளை வீட்டுக்கு ஊர்த் தெருவிலிருந்து நாலு பேர் போய் நின்றால் விசாரணைக்கு வந்த மாதிரிதான் இருக்கும். அந்தத் தெருவிலிருந்தே ஒரு பெண் குழுவில் இருக்க வேண்டும்; அவர்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் நின்றுபோகும் பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் என்று பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளின் கல்யாணம் தனி விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தாய்மாமன் முறை, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, கண்ணை மூடுவதற்குள் பார்க்க வேண்டும், பிள்ளை யாருடனோ ஃபோனில் பேசுகிறது. காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். 18 வயதுக்குள் பெண்ணுக்குத் திருமணம் செய்து வைத்தால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்தவர்களுக்கும் துணை போனவர்களுக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1098-க்குப் பேசினால் குழந்தைகள் உதவி மையத்தினர் வருவார்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. நாள் குறித்துவிட்டார்கள் என்றால் தயங்காமல் பேசிவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன்பே ஊரால் செய்ய முடிவது நிறைய. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பத்திரிகை அடிப்பவர், பூசாரி, பந்தல்காரர் ஆகியோரிடம் பிறந்த தேதி பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள் என்று கிராமசபையில் ஒரு தீர்மானம் போடலாம். வருடத்தில் ஆறு முறை கிராமசபை கூடுகிறது. மே 1 கூட்டம் கல்யாண சீசனுக்கு நேராகவே வருகிறது. வீட்டில் பேசும்போது சட்டத்தை விடக் கணக்கு எடுபடும். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று அதே தொகை. இடைநிற்றலைத் தவிர்க்கவென்றே பத்தாவது, பதினொன்றாவதுக்குத் தலா 1,500, பன்னிரண்டாவதுக்கு 2,000 என்று சிறப்பு ஊக்கத்தொகையும் உண்டு. பிள்ளை பாதியில் நின்றால் இதெல்லாம் போகிறது என்று தாய்க்குப் புரிய வைப்பது சுலபம். தகப்பனுக்குத் தாயே புரிய வைப்பாள்.

திருமணத்தை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று அதிகாரிகள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். மண்டபத்தில் கல்யாணம் நின்ற பெண் என்று ஊர் பேசும். அந்தப் பிள்ளை மறுபடி வகுப்பில் வந்து உட்காருவது லேசா? கூட இரண்டு தோழிகள் தினமும் அவள் வீட்டு வழியாகவே போய் அழைத்து வர வேண்டும். ஆசிரியர் அதைப் பற்றி வகுப்பில் வாய் திறக்கக் கூடாது. திருமணம் ஆகிவிட்ட பெண்ணே ஆனாலும் படிக்க வந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்ல எந்த விதியும் இல்லை.

பையன்களைப் பற்றி இவ்வளவு யாரும் பேசுவதில்லை. ஒன்பதாவதில் ஒருவன் டைல்ஸ் ஒட்டவோ ஹோட்டலுக்கோ பெங்களூர் போய், பொங்கலுக்குப் புது ஃபோனோடு வந்து நின்றால், அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் தயாராகிவிடுவார்கள். இங்கேதான் உங்கள் செட் நேரடியாகப் பயன்படும். ஓசூரில் கம்பெனியில் இருக்கிறீர்கள் என்கிறீர்கள். ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்தவருக்கு என்ன சம்பளம், எட்டாவதோடு காண்ட்ராக்டில் வந்தவருக்கு என்ன சம்பளம், பி.எஃப். யாருக்குப் பிடிக்கிறார்கள், நாற்பது வயதில் முதுகு யாருக்குப் போகிறது, இதை ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் நீங்கள் சொல்ல வேண்டும். மேடை போட்டு உரையாற்றாதீர்கள். கிரிக்கெட் ஆடும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். புத்தகத்தில் நாட்டமே இல்லாத பையனுக்கு எட்டாவது தேர்ச்சியோடு சேரக்கூடிய தொழிற்பிரிவுகளும் ஐ.டி.ஐ.யில் உண்டு, தருமபுரி கடகத்தூரிலும் ஓசூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. படிப்பை நிறுத்துவதும் படிப்பின் வழியை மாற்றுவதும் வேறு வேறு என்று அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பத்தாவதில் ஃபெயிலான பிள்ளைகள் கொத்தாகக் காணாமல் போவது மே மாதத்தில். துணைத்தேர்வு அந்தக் கோடையிலேயே வந்துவிடும், விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்களோ மிகக் குறைவு. ரிசல்ட் வந்த அன்றே பட்டியலை வாங்கி, வீட்டுக்குப் போய், ஒன்றிரண்டு பாடம்தானே என்று சொல்லிக் கையோடு பள்ளிக்கு அழைத்துப் போய் விண்ணப்பம் போட வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி சின்ன விஷயங்கள். பெங்களூரிலிருந்து திரும்பிய குடும்பத்தின் பிள்ளையை டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பினால், எட்டாவது வரை அது சட்டப்படி செல்லாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த பிள்ளை தமிழ்ப் பாடத்தில் தடுமாறினால் மக்கு என்று முத்திரை குத்திவிடுகிறோம். மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்க ஒரு அக்கா போதும். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பத்தாவது முடித்த பிறகு ஓட ஆரம்பித்தால் பிளஸ் ஒன் சேர்க்கையே முடிந்துவிடும், எட்டாவதிலேயே விண்ணப்பியுங்கள். பேருந்து நேரம் பள்ளி நேரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் குழுத் தீர்மானத்தோடு பணிமனைக்குப் போங்கள். தனி ஆள் மனுவை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இப்போது உங்கள் பணம். காட்டு வழியில் நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஷேர் ஆட்டோ அல்லது வேன் வாடகை, இருட்டுவதற்குள் வீடு சேர. சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழித்துணைப் படி உண்டு. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், குறைவதை மட்டும் நீங்கள் போடுங்கள். கழிப்பறையைத் தினமும் கழுவ ஒரு ஆளுக்குச் சம்பளமும் ஒரு தண்ணீர் மோட்டாரும். மாதத்தில் நாலு நாள் வராத பெண் பிள்ளைகள் எதனால் வருவதில்லை என்று ஆசிரியைகளைக் கேளுங்கள். மாலைப் படிப்புக்கு விளக்கும் சுண்டலும். புளி மூட்டை மாதிரியான அவசரத்துக்குக் கையில் ஒரு சின்னத் தொகை. இவ்வளவுதான். பணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கிலோ அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்க்க 2022-இல் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி திட்டம் வழியாகவோ ரசீதோடு போகட்டும். பையும் நோட்டும் கொடுத்து வரிசையாக நிற்க வைத்து ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தலைமையாசிரியரைப் பார்த்து, போன வருடம் எட்டாவது முடித்தவர்கள் பட்டியலையும் இந்த வருடம் ஒன்பதாவதில் இருப்பவர்கள் பட்டியலையும் உங்கள் ஆள் உட்காரும் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். வேறு பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழியுங்கள். மிச்சமிருக்கும் பெயர்களில் பாதிப் பேரின் வீடு உங்களுக்கே தெரிந்திருக்கும்.